போச்சு என்று சொல்லக் கூடாத கடை

அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்து இறக்குவார்கள். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் போச்சுக்கா" என்பார்கள். கடைக்கார அக்கா நிமிரவே மாட்டார்.

"இன்னா சொன்னே?"

"எல்லாம் போச்சுன்னு..."

"போச்சுன்னு சொல்லாத. காணோம்னு சொல்லு."

வந்தவர் சுற்றுமுற்றும் பார்ப்பார். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாது. "சரிக்கா. காணோம்."

"ஆங். இப்ப உக்காரு. தேடலாம்."

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. கடைப் பலகையிலும் அது இல்லை. திருமுல்லைவாயிலில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் அவர் அக்காதான், அவரைவிட மூத்தவர்களுக்கும். தொண்ணூறுகளின் கடைசி அது. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பது இன்னும் வரவில்லை. தெருவுக்கு ஒன்று வந்திருந்தது.

நான் அப்போது மீன்பாடி வண்டி மிதித்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் பலகை வைத்த மூன்று சக்கர வண்டி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆந்திரப் பக்கம் கூடூரில் லாரி ஷெட், நெல்லூரில் ஓட்டல், பாடியில் இரும்புப் பட்டறை என்று சுற்றிவிட்டு, அம்பத்தூர் பக்கம் வந்து தங்கியிருந்தேன். தங்கியிருந்தேன் என்றால் வண்டியிலேயே படுத்துக்கொண்டேன். மழை வந்தால் வண்டிக்கு அடியில். அக்காவின் கடைக்கு மானிட்டர்கள் ஏற்றி இறக்குவது என் வேலைகளில் ஒன்று. அந்தக் கால மானிட்டர் பின்பக்கம் பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கும். வயிற்றோடு அணைத்துத்தான் தூக்க வேண்டும்.

எந்தப் பெட்டியைத் திறக்கும் முன்னும் அக்கா ஜன்னல் கம்பியை ஒரு முறை தொடுவார். உடம்பில் தங்கியிருக்கும் மின்சாரம் கம்பி வழியே இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகைகள் செத்துப்போகும் என்பது கணக்கு. ஆனால் அவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா மெடல் தொங்கும். மெடலையும் கம்பியையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இது ஏதோ ஜெபம் என்று நினைத்துவிட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையின் கணக்கப்பிள்ளை, நெற்றி நிறைய விபூதி பூசியவர், அக்கா கம்பியைத் தொட்டதும் எழுந்து தானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவரைப் பார்த்து மற்றவர்களும். கொஞ்ச நாளில் கடைக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக ஜன்னலுக்குப் போக ஆரம்பித்தார்கள். அந்த ஒரு கம்பியில் மட்டும் பச்சைப் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளவென்று தெரிந்தது.

"விஷயத்தைச் சொல்லக் கூடாதாக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்குச் சொல்லணும்? அவங்க உடம்புல கீற கரண்டும்தான் இறங்குது."

ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று ஆப்பரேட்டிங் சிஸ்டங்களைக் குடிவைப்பதில் அவருக்குப் பெயர். பட்டறைக் கணக்கு பழைய டாஸில்தான் ஓடும். கல்யாணப் பத்திரிகை அடிக்க விண்டோஸ் வேண்டும். பூந்தமல்லி சாலையில் புதிதாக முளைத்த இன்ஜினியரிங் கல்லூரிப் பையன்கள் லினக்ஸ் கேட்பார்கள். எல்லாவற்றையும் சேமிக்க இருப்பதோ ஒரே ஒரு வட்டு, ஹார்ட் டிஸ்க். மற்ற கடைகளில் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போடுவார்கள். அக்கா அழிக்க மாட்டார். இருப்பதைச் சுருக்கி ஒதுக்கி, பக்கத்தில் இடம் பண்ணுவார்.

அது எப்படி என்று ஒரு மத்தியானம் கேட்டேன். மின்சாரம் போயிருந்தது. விசிறிகள் நின்று, தெருவில் ஐஸ்காரனின் மணி மட்டும் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒண்டுக் குடித்தனம் பாத்துக்கிறியா?"

"பாதி வயசு அதுலதான்க்கா."

"அவ்ளோதான். ஊடு ஒண்ணு. ரூமு நாலு. ரூமுக்கு ஒரு குடும்பம். ஒருத்தர் சோத்துல ஒருத்தர் கை வெக்கக் கூடாது. ஆனா தெருவாசல் ஒண்ணே ஒண்ணு. அந்த வாசல்ல ஒருத்தரை உக்கார வெப்பேன். மெஷினைப் போட்டதும் அவரு கேப்பாரு, யாரைப் பாக்கணும்னு. பேரைச் சொன்னா அந்த ரூமுக்கு வுடுவாரு."

"விண்டோஸ்காரன் வந்தா?"

சிரித்தார். "அவன் கொஞ்சம் அடாவடி. குடி வந்த அன்னிக்கே தெருவாசலுக்குத் தன் பூட்டை மாட்டிடுவான். உள்ள கீறவங்க உள்ளயே கீறாங்க. சோறு பொங்கினு, பாய் விரிச்சினு. வெளிய நின்னு பாக்கறவன்தான் எல்லாரும் செத்துட்டாங்கன்னு அழுவான்."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வேப்பம்பழம் விழுந்து காய்ந்துகொண்டிருந்தது. பூட்டிய வீட்டுக்குள் யாரோ பாய் விரிக்கிறார்கள் என்கிற நினைப்பு அன்று முழுவதும் என் கூடவே வந்தது. வண்டி மிதிக்கும்போது ஒவ்வொரு மூடிய கதவையும் பார்த்துக்கொண்டே போனேன்.

கொரட்டூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒருவர் இருந்தார். அவருடைய தங்கை மகன் அவர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். ஒரே மெஷின். மாமாவுக்கு விண்டோஸ், மருமகனுக்கு லினக்ஸ். மாமா ஒரு நாள் வட்டில் யார் யாருக்கு எவ்வளவு இடம் என்று பார்த்திருக்கிறார். ஒரு பெரிய துண்டுக்கு நேராக டாஸ் அல்லாதது என்ற பொருளில் ஏதோ எழுதியிருந்தது. யாருக்கும் உதவாத தரிசு என்று முடிவுசெய்து நீக்கிவிட்டார். மருமகனின் கடைசி வருஷ ப்ராஜெக்ட் மொத்தமும் அதில்தான் இருந்தது. மெஷினைப் போட்டால் வாசலில் அவன் பேர் மட்டும் இருந்தது. சொன்னால் மெஷின் பாதி வழி போய் நின்றுவிட்டது.

இருவரையும் பெட்டியோடு நான்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழி முழுக்கச் சண்டை.

"உனக்கு சோறு போட்டு, எடமும் குட்த்தா, பாதி மெஷினை நீயே வெச்சிகினு கீறே."

"மாமா, அது என் டிகிரி மாமா."

"டிகிரியை ஏன்டா என் பொட்டியில வெச்சே?"

அக்கா எதுவும் கேட்கவில்லை. கம்பியைத் தொட்டார். அந்த மாமாவும் அழுத முகத்தோடிருந்த மருமகனும் வரிசையாகத் தொட்டார்கள். பெட்டியின் மூடியைக் கழற்றித் திருப்பினார். உட்புறத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் எண்கள் எழுதியிருந்தன. ஒவ்வொரு அறையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று, குடிவைத்த அன்றே அப்படி எழுதிவைப்பது அவர் பழக்கம். அதைப் பார்த்துப் பார்த்துக் கீபோர்டில் அடித்தார்.

"நீக்கின பிறகு அதுல எதனா எழுதினீங்களா?"

"இல்லம்மா. அதுக்குள்ள இவன் வந்து கத்திட்டான்."

"நல்லவேளை கத்தினான். நீங்க ஊட்டை இடிக்கலை சார். கதவு நம்பரைத்தான் அழிச்சீங்க."

மெஷினை மறுபடி போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழை மாதிரி இறங்கின. கடைசியில் ஒரு சின்னக் கோடு நின்று கண் சிமிட்டியது. அந்தப் பையன் தன் ப்ராஜெக்ட்டைத் திறந்து பார்க்காமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். மாமாதான் முதலில் அழுதார்.

இதுவரை சொன்னதை வைத்து அவரைச் சந்தோஷமான பெண் என்று நினைத்துவிடலாம். கடைக்குப் பின்னால் ஒரு அறை இருந்தது.

அந்த அறையில் அவர் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நல்ல உயரம். முகம் தெளிவாக இருக்கும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மழையில் வண்டி சறுக்கித் தலையில் அடி. பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பேச்சில்லை. ஊட்டினால் சாப்பிடுவார், கையைப் பிடித்தால் நடப்பார், யாரையும் அடையாளம் தெரியாது. இனிமேல் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அக்கா அங்கேயும் அந்தச் சொல்லைச் சொல்ல விடவில்லை.

தினமும் சாயங்காலம் அவர் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஏதாவது ஒன்றைச் செய்து பார்ப்பார். மாதா கோயில் பாட்டுப் பாடுவார். ரேடியோவில் கிரிக்கெட் வைப்பார். வீட்டுக்காரர் வேலை செய்த பட்டறையிலிருந்து ஒரு பற்சக்கரத்தை வாங்கிவந்து கையில் கொடுப்பார். கிரீஸை மூக்கின் அருகே பிடிப்பார். கல்யாணத்தன்று கட்டிய புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். வீட்டுக்காரர் அமைதியாகப் பார்ப்பார், ரயில் ஜன்னலிலிருந்து பார்ப்பதுபோல. எதையும் பிடித்து நிறுத்தாத பார்வை.

பக்கத்து வீடுகளில், அக்காவுக்கும் புத்தி கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் என்னிடமே சொன்னார்: "அந்தப் பொம்பளை பொட்டிங்களோட பழகிப் பழகி மனுசனையும் பொட்டின்னு நெனச்சிகினு கீது, மாமே." எனக்கும் அப்படித் தோன்றிய நாட்கள் உண்டு. கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் அதே குரலில் அவர் உள்ளே போய், "இன்னிக்கு எங்க கீறீங்க?" என்று கேட்பதைக் கேட்டால் பயமாக இருக்கும். நம்பிக்கை ஒரு அளவுக்கு மேல் போனால் பார்க்கிறவர்களுக்குப் பயம்தான் வரும்.

அந்தப் பூட்டு திறந்த விதம் ரொம்பச் சாதாரணமானது.

ரிப்பேர் மானிட்டர்களைப் பின்னறையில் அடுக்குவார்கள். நான் ஒன்றை அணைத்துக்கொண்டு உள்ளே போனேன். முன்னால் தெரியாமல் கட்டில் காலில் கட்டைவிரலை இடித்துக்கொண்டேன். எனக்கு வலி வந்தால் வாயில் தெலுங்குதான் வரும். கூடூர் லாரி ஷெட்டில் கற்ற வசவுகள். ஒன்று விட்டேன். எழுத முடியாத வசவு.

கட்டிலில் இருந்தவர் சிரித்தார்.

நான் மானிட்டரோடு அப்படியே நின்றேன். அவர் என் காலைப் பார்த்து, "தெப்ப தகிலிந்தா?" என்றார்.

முன்பக்கத்திலிருந்து எதையோ கீழே போட்ட சத்தம். அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"யாரு பேசினது?"

"அவருதான்க்கா."

"இன்னா சொன்னாரு?"

"அடிபட்டுச்சான்னு கேட்டாரு. தெலுங்குல."

அக்கா மானிட்டர்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் சூலூர்பேட்டைப் பக்கம். வேலைக்காக இங்கே வந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் ஊருக்குப் போய் அண்ணனிடம், இந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவரட்டுமா என்று கேட்டிருக்கிறார். வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள், இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் அண்ணன். திரும்பி வந்தவர் அதன் பிறகு ஒரு வார்த்தை தெலுங்கு பேசவில்லை, தூக்கத்தில்கூட.

"எங்க ஊட்டுல அந்த பாஷையே இல்ல தம்பி. அதான் அங்க போயித் தேடணும்னு எனக்குத் தோணவே இல்ல."

அதற்குப் பிறகு என் மத்தியானங்கள் அந்தப் பின்னறையில் கழிந்தன. அவர் பேசுவார், நான் தமிழில் சொல்வேன், அக்கா பலகைகளில் சாலிடர் பற்றவைத்துக்கொண்டே கேட்பார். முதலில் சொல் சொல்லாக வந்தது. பிறகு வாக்கியமாக. ஊரைத் தாண்டிப் பெரிய ஏரி. உப்புத் தண்ணீர். எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்கால் ஆழம்தான். குளிர்காலத்தில் நீண்ட கால் பறவைகள் வந்து இறங்கினால் தண்ணீர் ரோஜா நிறமாகிவிடும். அண்ணன் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து இறால் வாங்கப் போவது. அவர் சொல்லச் சொல்ல, சாலிடர்ப் புகை சுருண்டு மேலே போகும். வெளியே ஆவடி ரயில் போகும் சத்தம் தண்ணீர்ச் சத்தமாகிவிடும். நான் பல இடங்களில் இருந்திருக்கிறேன். அந்த ஏரியில் இருந்த அளவுக்கு வேறெங்கும் இருந்ததில்லை.

அந்தக் கதைகள் எதிலும் திருமுல்லைவாயில் இல்லை. அக்கா இல்லை.

ஒரு நாள் அவர் என் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னா?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

"மாத்திச் சொல்லாத."

"இந்த அம்மா யாருன்னு கேக்குறாரு."

சாலிடர்க் கோலை அதன் தாங்கியில் வைத்தார். "இன்னும் இன்னா கேட்டாரு?"

"ரொம்ப நல்லவங்களா கீறாங்க, இவங்களுக்கு யாருமில்லையான்னு."

எதையாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று எனக்கு. "உங்க மெஷின் மாதிரிதான்க்கா. ஒரு ரூம்புக் கதவு தொறந்துகிச்சு. இன்னொண்ணும் தொறக்கும்."

"மெஷினோட சேக்காத" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "மெஷின்ல நான் உள்ள போயிப் பாப்பேன். இங்க நான் வெளிய நிக்கிறேன்."

மறுநாள் அக்காவே ஒரு முடிவோடு இருந்தார். வடக்கே போகிற லாரியில் ஏறி, சூலூர்பேட்டைக்குப் போய், அண்ணனிடம் சொல்லிவிட்டு வரச் சொன்னார். விபத்து நடந்தபோது சொல்லி அனுப்பியதற்கு அங்கிருந்து யாரும் வரவில்லை.

"கூட்டிகினு போயிடுவாங்கக்கா."

"நீ எத்தினி நாளைக்கு இங்க இருப்பே?"

எந்த ஊரிலும் நான் நிலைத்ததில்லை. என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீ போயிட்டா அவரு யாரோட பேசுவாரு? இப்பதான் வாய் தொறந்துக்கிறாரு. எனக்குப் புரியலைங்கிறதுக்காக மறுபடி மூட வுடுவனா?"

போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் வந்து நின்றது. அண்ணன் இறங்கினார். பெரிய உடம்பு, வெள்ளை வேட்டி. வாசலில் நின்ற அக்காவைப் பார்க்காமல், பார்க்காததுபோல் பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போனார்.

கட்டிலில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் பூராவும் மலர்ந்தது. "அன்னா!" என்றார். பிறகு குழம்பி, "உன் தலை ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?" என்று தெலுங்கில் கேட்டார்.

அந்தப் பெரிய மனிதர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கொஞ்சம் தெளிந்ததும் என்னிடம் சொன்னார்: நெல்லூரில் நல்ல டாக்டர் இருக்கிறார், வீட்டில் பேச ஆட்கள் இருக்கிறார்கள், தம்பியை அழைத்துப் போகிறோம் என்று இவங்களுக்குச் சொல். சொன்னேன்.

அக்காவின் விரல்கள் புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தன. "அவரைக் கேக்கச் சொல்லு. அவரு வரேன்னா போவட்டும்."

அண்ணன் தம்பியிடம் கேட்டார், வீட்டுக்கு வருகிறாயா என்று.

தம்பி கண்களை மெல்லச் சுற்ற விட்டார். ஜன்னலைப் பார்த்தார், மானிட்டர்களைப் பார்த்தார், சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார். அண்ணன் பொறுமையிழந்து, வருவான், வருவான் என்று எழுந்தார். அக்கா குறுக்கே கையை நீட்டினார்.

"இருங்க. அவரே சொல்லட்டும்."

தமிழ் அவ்வளவாகத் தெரியாத அண்ணனுக்கும் அந்தக் கை புரிந்தது. நின்றார். தெருவில் குழாயடிக் குடங்களின் சத்தம் வந்து, நின்று, மறுபடி வந்தது.

பிறகு தம்பி அக்காவைப் பார்த்தார். அண்ணனின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து, சின்னப் பையன் அனுமதி கேட்பதுபோல் ஏதோ கேட்டார். அண்ணனின் முகம் சாம்பலாகிவிட்டது.

"இன்னா கேட்டாரு?" என்றார் அக்கா.

மாற்றிச் சொல்லக் கூடாது. "அண்ணா, இவங்களையும் நம்ம வீட்டுக்குக் கூட்டிகினு வரட்டுமான்னு கேக்குறாரு."

அக்கா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவர் முதுகு குலுங்குவது தெரிந்தது. திரும்பாமலே "சரே" என்றார். அப்புறம் திரும்பி வந்து, அக்காவின் எதிரே நின்று, துருப்பிடித்த தமிழில், "வாம்மா" என்றார்.

மேசையில் யாருடைய பெட்டியோ திறந்து கிடந்தது. அக்கா அதை மூடி, திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கி, ஓரமாக வைத்தார். இரண்டு புடவையைப் பையில் திணித்தார். கதவைச் சாத்திச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

வேனில் அவர் வீட்டுக்காரர் ஏற்கெனவே ஏறி நடுவில் உட்கார்ந்திருந்தார். அக்கா படியில் கால் வைத்ததும் ஜன்னல் பக்கமாக நகர்ந்தார். காலியான இடத்தைக் கையால் தட்டித் தூசி போக்கி, முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசும் மரியாதையோடு, "கூர்ச்சோண்டி" என்றார்.

உட்காருங்கள் என்று சொல்கிறார் என நான் சொல்ல வாயெடுத்தேன்.

"புரிஞ்சுது தம்பி" என்றார் அக்கா.